நல்லையாவின் எண்ணெய் மண்

நல்லையா எனக்குச் சின்ன மாமனார் முறை. என் மனைவியின் சித்தப்பா. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பற்றி விசாரித்து வர ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிவிட்டான். உடனே அவனைப் பற்றி விசாரிக்க இன்னோர் ஆளை அனுப்பினார். அவர் அப்படிப்பட்ட மனிதர். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு நடந்ததை அவர் மனைவி கண்ணம்மா அத்தை சொல்லக் கேட்ட பிறகு, கோபம் வரும்போதெல்லாம் கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது.

நல்லையா மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். அங்கே பால் வெட்டுகிறவரிலிருந்து கடைக்காரர் வரை எல்லோரும் தமிழ்தான். சண்டைக்குச் சில வருஷம் முன்னால் ஒரு ஜோடி மாடும் வண்டியும் வாங்கி, மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் துண்டு நிலம் ஒன்றும் வாங்கிக் குடிசை போட்டார். பரம்பரையில் யாருமே நிலம் வாங்கியதில்லை. அதனால் அந்த நிலத்தை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று வாங்கிய அன்றைக்கே நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

மலாய் அவருக்கு நாற்பதுக்கு மேல் வந்த பாஷை. மனசுக்குள் தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றிப்போட்டுப் பேசுவார். மலாயில் மாட்டு வண்டியைச் சொல்ல வேண்டுமென்றால் வண்டி முதலில், மாடு பிறகு: கெரேத்தா லெம்பு. இவர் லெம்பு கெரேத்தா என்பார். கேட்டால் ‘மாடு வண்டிய இழுக்குது. மாடுதானே முன்னால போகுது’ என்று விளக்கம் வேறு. தெருவே அவர் பேசுவதைத் தலைகீழாகத் திருப்பிப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டில் காமாட்சி இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சம், புருஷனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் உறவுமுறைகளும் மேற்கொண்டு சில சொற்களும்தான். நல்லையா அதை நம்பவில்லை. “காமாட்சின்னு பேரு வச்சிக்கிட்டு தமிழ் தெரியாதாம். நாம பேசுறத ஒட்டுக்கேக்கத்தான் தெரியாத மாதிரி நடிக்கிறா” என்று கண்ணம்மா அத்தையிடம் குசுகுசுவென்று சொல்வாராம். எதிர்வரிசையில் அலி அக்பர் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் தமிழ் முஸ்லிம், அவரோடு பேச்செல்லாம் தமிழில். அவருடைய தராசின் மேல் நல்லையாவுக்கு எப்போதும் சந்தேகம்.

நிலத்துக்கு மேல்புறம் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் லாரி ஷெட் இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரர்கள் கிளம்பினார்கள். கிளம்புமுன், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, ஷெட்டில் இருந்த டீசல், எஞ்சின் எண்ணெய் டிரம்களையெல்லாம் கோடாரியால் பிளந்து கொட்டிவிட்டுப் போனார்கள். சரிவு நல்லையாவின் பக்கம். எண்ணெய் கால்வாயை நிரப்பி, வேலியைத் தாண்டி, அவர் நிலம் முழுக்கப் பரவி ஊறிவிட்டது. புல் கருகிற்று. மண் கறுத்துப் பிசுபிசுத்தது. மழை பெய்தால் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் வானவில் மிதந்தது. அந்த நாற்றத்தில் மாடுகள் வைக்கோலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன.

அவர் சும்மா இருக்கவில்லை. முதலில் பள்ளத்துத் தண்ணீரின் மேல் சாக்கையும் தேங்காய் நாரையும் போட்டு மிதந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். மேலே இருந்தது போயிற்று, மண்ணுக்குள் இறங்கியது அப்படியே இருந்தது. அடுத்து வண்டி வண்டியாக மணல் கொட்டினார். அடுத்த மழையில் எண்ணெய் மணலுக்கு மேலே வந்து நின்றது. கொளுத்திப் பார்த்தார். மேல் எண்ணெய் பற்றிக் கரும்புகை எழுந்து போலீஸ்காரன் ஓடிவந்தான். இரண்டு அறை வாங்கியது மிச்சம், மண் தார்போல இறுகிவிட்டது. அதையும் கொத்திப் போட்டு, சாம்பல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவின தண்ணீர் அலி அக்பர் வீட்டுக் கால்வாயில் போய் நின்று, அவர் சண்டைக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரத் தலைவர் வந்தார். ஜப்பான்காரன் நியமித்த ஆள். அரிசி இல்லாத காலம், கையகல இடமிருந்தாலும் மரவள்ளி நட வேண்டும் என்பது உத்தரவு. நல்லையாவின் கறுப்பு நிலத்தைப் பார்த்தார்.

“அடுத்த வருஷ மழைக்குள்ள இதுல மரவள்ளி நிக்கணும். இல்லேன்னா நெலம் வேற கைக்குப் போயிடும். நட ஆள் தயாரா இருக்கு.”

“யாருங்க அது?”

“அது ஒனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பதில்தான் நல்லையாவைத் தின்றது. பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவரை மட்டும் சந்தேகித்திருப்பார். சொல்லாததால் தெரு முழுக்கச் சந்தேகித்தார். அலி அக்பர் எதிரே நின்று பீடி பிடித்தால், நிலத்தை அளக்கிறார். யாராவது வேலியோரம் குனிந்து செருப்பைச் சரிசெய்தால், மண்ணை முகர்ந்து பார்க்கிறான். பழைய தகரங்களைப் பொறுக்கி வந்து நிலத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு அடைத்தார். உள்ளே நடப்பது வெளியே தெரியக் கூடாது.

தகர வேலி போட்டதும் மாடுகளை நிலத்தின் ஒரு மூலையில் கொண்டுவந்து கட்டினார், யாராவது ஓட்டிப் போய்விடுவார்கள் என்று. சில மாதம் கழித்து அந்த மூலையைக் கூட்டும்போது பார்த்தால், அங்கே மண் பழுப்பாக இருந்தது. உதிர்ந்தது. நாற்றம் இல்லை. ஓரத்தில் அறுகு முளைத்திருந்தது. மற்ற இடமெல்லாம் அதே கறுப்பு.

நல்லையா என்ன நினைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டுக்குள் ஓடினார்.

“இந்தா புள்ள, யாரோ நம்ம மண்ண அள்ளிக்கிட்டு வேற மண்ணப் போட்டுட்டுப் போயிருக்கான்.”

“கெட்ட மண்ண எடுத்துக்கிட்டு நல்ல மண்ணப் போட்டுட்டுப் போறவன் திருடனாங்க?” என்றார் அத்தை. “மாடு நின்ன எடத்தப் பாருங்க. சாணி, மூத்திரம், மிச்ச வைக்கோல் எல்லாம் அதுங்க காலாலயே மிதிச்சுக் கலந்திருக்கு. வேற எவன் வந்தான்?”

மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, காற்றும் ஈரமும் சாணியும் கிடைத்தால் அவை எண்ணெயைத் தின்று செரித்துவிடும் என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல வேளை, அப்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தன் நிலத்துக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் மனிதர் தூங்கியிருக்க மாட்டார்.

அத்தை சொன்னது மட்டும் மனசில் ஏறியது. மாடுகளை வாசலோரத்துக் கொட்டகைக்கு மாற்றிக் கட்டினார். அன்றிலிருந்து கறுப்பு மண்ணைக் கொத்திச் சாக்கில் அள்ளி, அந்தக் கொட்டகைக்குள் கொண்டுபோய், மாடுகளுக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பினார். புக்கிட் கட்டில் என்ற ஊர்ப் பக்கத்து மில்லிலிருந்து உமி கொண்டுவந்து தூவினார். சாணியும் வைக்கோலும் போட்டுக் கலந்தார். காய விடாமல் தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் அடிக்கடி புரட்டிவிட்டார். நாற்றம் போனதும் பழையபடி சாக்கில் அள்ளி நிலத்தில் கொட்டிவிட்டு, அடுத்த கறுப்பு மண்ணை அள்ளினார். பொறுமையான வேலை. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் இதை ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மண் திருந்துவது தெரிந்தால் அந்த ‘வேற கை’ முந்திக்கொள்ளும் என்று பயம்.

வெளியே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? தகர வேலி தெரிந்தது. உள்ளேயிருந்து எண்ணெய் வாடை வந்தது. கொட்டகைக்கும் நிலத்துக்குமாகக் கனத்த சாக்குகள் போய்வந்தன. ஒரு நாள் ஒரு சாக்கு வாசலோரம் இருந்தபோது காமாட்சி அந்த வழியாக வந்துவிட்டார்.

“அண்ணே, இதில் என்ன?” என்று மலாயில் கேட்டார்.

திடுக்கிட்டுப்போன நல்லையாவுக்குப் பொய் வரவில்லை, உண்மைதான் வந்தது. எண்ணெய் மண் என்று சொல்ல நினைத்தார். மலாயில் எண்ணெய்க்கு மிஞ்ஞாக், மண்ணுக்குத் தானா. வழக்கம்போலச் சொல்லுக்குச் சொல் மாற்றினார்.

“மிஞ்ஞாக் தானா.”

மிஞ்ஞாக் தானா என்றால் மலாயில் மண்ணெண்ணெய். தோட்டத்திலும் சரி, அலி அக்பர் கடையிலும் சரி, மண்ணெண்ணெயை அவர் எப்போதும் தமிழில்தான் கேட்டு வாங்கியிருந்தார். அதனால் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. ஊரில் விளக்குக்கு மண்ணெண்ணெய் சொட்டுக்கூடக் கிடைக்காத காலம். எல்லோர் வீட்டிலும் தேங்காயெண்ணெய்த் திரிதான் அழுதுகொண்டிருந்தது. பதுக்குகிறவன் பிடிபட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. சாக்குக்குள் மண்ணெண்ணெய் டின்கள் இருப்பதாக நினைத்துக் காமாட்சி விறுவிறுவென்று வீட்டுக்குள் நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு தெரு திடீரென்று நல்லையாவை நேசிக்க ஆரம்பித்தது. ஒருவர் கீரை கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் மாட்டைத் தடவிக்கொடுத்தார். கால்வாய்ச் சண்டை போட்ட அலி அக்பரே ஒரு பொட்டலம் சீனியோடு வந்து நின்றார். மண்ணெண்ணெய் என்ற பேரை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை, எவன் காதில் விழுமோ என்று.

“நல்லையாண்ணே, உள்ள இருக்கிறதுல நமக்கும் கொஞ்சம் ஆகுமா?” என்றார் அலி அக்பர், குரலைத் தாழ்த்தி.

நல்லையாவுக்குச் சுரீரென்றது. ஆக, மண் விஷயம் தெரிந்துவிட்டது.

“அது இன்னும் பக்குவமாகல பாய். ஆனாலும் எனக்கே பத்தாது.”

“பக்குவம் வேற பண்றீங்களா?” என்று கண்ணை விரித்த அலி அக்பர், சீனியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீனியை நல்லையா தொடவில்லை. முதலில் எறும்பு தின்னட்டும், அது பிழைக்கிறதா பார்க்கலாம் என்று வாசலில் வைத்தார். எறும்புகள் முழுவதையும் தின்றுவிட்டன.

ஒரு காலையில் லாரி வந்து நின்றது. ஜப்பான் அதிகாரி ஒருவர், துப்பாக்கியோடு சிப்பாய்கள், வெள்ளைச் சட்டை போட்ட துபாஷி ஒருவர். துபாஷிக்கு ஜப்பான் பாஷையும் மலாயும் தெரியும், தமிழ் தெரியாது. தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. தகர வேலியைப் பிரித்துச் சாய்த்தார்கள். நல்லையாவை இழுத்துவந்து சாக்குகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

“இதில் என்ன?” என்றார் துபாஷி, மலாயில்.

“மிஞ்ஞாக் தானா, துவான்.”

துபாஷியே கொஞ்சம் திகைத்துப் போனாராம். பதுக்கியவன் இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை. மொழிபெயர்த்தார். அதிகாரி அறைந்த அறையில் நல்லையா மண்டியிட்டு விழுந்தார். சிப்பாய் சாக்கைக் கிழித்தான். கறுப்பு மண் கொட்டியது, எண்ணெய் வாடையோடு. அடுத்த சாக்கிலும் மண்தான்.

அதிகாரிக்குக் கோபம் இன்னும் ஏறியது. டிரம்களைப் புதைத்திருக்கிறான், ஒழுகிய மண்ணை அள்ளி அப்புறப்படுத்தப் பார்த்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். “டிரம் எங்கே?” என்று துபாஷி கத்தினார். டிரம் இல்லை என்றார் நல்லையா. அப்படியானால் இது என்ன? மிஞ்ஞாக் தானா. மறுபடி அடி. உண்மையைச் சொல்லச் சொல்ல அடி விழுகிறது என்பது அவருக்கு விளங்கவே இல்லை. கண்ணம்மா அத்தை சிப்பாயின் காலைப் பிடிக்கப் போக, அவன் எட்டித் தள்ளினான். லாரியில் ஏற்று என்று அதிகாரி கை காட்டினார். அந்த லாரியில் ஏறிய ஒருவரும் அந்தத் தெருவுக்குத் திரும்பியதில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காமாட்சி வந்து நடுவில் நின்றார். கொட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்தார். குனிந்து துபாஷிக்கு வணக்கம் சொன்னார்.

“துவான், இந்த ஆள் தலைகீழாகப் பேசுவார். அவர் சொல்ல வந்தது தானா மிஞ்ஞாக். எண்ணெய் ஊறின மண். மேலே லாரி ஷெட்டைப் பாருங்கள், அங்கே கொட்டினது இங்கே வடிந்திருக்கிறது.”

துபாஷி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கும் பங்கு உண்டோ?”

“நான் சொல்வதை நம்ப வேண்டாம், துவான். வேறு எதையாவது காட்டி அவரையே கேளுங்கள்.”

துபாஷி சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியைக் காட்டினார். “இது என்ன?”

நல்லையா உதட்டில் ரத்தத்தோடு காமாட்சியையே முறைத்தார். வண்டி என்று சொன்னால், அதில் என்ன ஏற்றினாய் என்று அடுத்த கேள்வி வரும். இவள் அதற்குத்தான் வழி பண்ணுகிறாள். இவள்தான் அந்த வேற கை. இவள்தான் இவர்களைக் கூட்டிவந்தவள். இப்படியெல்லாம் அந்த நேரத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு அவரே அத்தையிடம் சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தால் உயிர் மிஞ்சும் என்ற இடத்தில் மனிதர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். சிப்பாய் அவர் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் திருப்பினான்.

“அண்ணே,” என்றார் காமாட்சி. தெரிந்த தமிழையெல்லாம் தேடியெடுத்தது போல இருந்ததாம் அவர் முகம். “அண்ணே, சொல்லு.”

அந்தப் பெண்ணின் கால் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நல்லையா பார்த்தார். சாரோங்கின் மடிப்பு ஆடிக்கொண்டிருந்தது. சதி பண்ணுகிறவளுக்கு எதற்கு நடுக்கம் என்று தோன்றியதாம். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவர் சொன்னதை விசாரிக்காமல் செய்தார்.

“லெம்பு கெரேத்தா.”

துபாஷியின் முகம் கோணிற்று. சாணியைக் காட்டினார். “லெம்பு தாஹி” என்று பதில் வந்தது. மாட்டுச் சாணி. வேலியோரத் தென்னையைக் காட்டினார். “கெலாப்பா போக்கோக்.” தென்னை மரம். துபாஷி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதிகாரி என்னவென்று அதட்ட, அவருக்கு ஜப்பான் பாஷையில் விளக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை. இரும்புக் கம்பிகளை நிலமெங்கும் ஆழமாகக் குத்திப் பார்க்கச் சொன்னார். டிரம் எதுவும் தட்டுப்படவில்லை. நல்லையாவுக்கு இன்னோர் அறை கொடுத்துவிட்டு, அது எதற்கென்று யாருக்கும் தெரியாது, லாரியில் ஏறிப் போய்விட்டார்.

மரவள்ளிக் குச்சிகள் தலைவர் சொன்ன மழைக்கு முன்னால் பாதி நிலத்தில் நின்றன. வட்டாரத் தலைவர் வந்து, துளிர்த்த இலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நிலம் கையில் நின்றது. ஆனால் நல்லையாவுக்கு நிம்மதி வரவில்லை. யார் காட்டிக்கொடுத்தது? அலி அக்பர் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கீரை கொடுத்தவரோடு பேச்சு இல்லை. மாட்டைத் தடவியவரைப் பார்த்தால் காறித் துப்பினார்.

ஒரு சாயங்காலம் காமாட்சி வந்தார். உட்காரவில்லை. மலாயில் மெதுவாகப் பேசினார், அதற்குள் ஓரளவு மலாய் பழகியிருந்த அத்தை பக்கத்தில் நின்று புரியாததைச் சொல்லிக்கொடுத்தார்.

“அண்ணே மண்ணெண்ணெய் வைத்திருக்கிறார் என்று குழாயடியில் சொன்னது நான். அது யார் யார் வாய்க்குப் போயிற்று, யார் போய்ச் சொன்னார்கள், எனக்குத் தெரியாது. முதல் வாய் என்னுடையது.” கொஞ்சம் நிறுத்தினார். “இந்த நிலத்தைத் தலைவரிடம் கேட்டு வைத்திருந்ததும் நான்தான். பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. அண்ணே அந்த லாரியில் போயிருந்தால் நிலம் எனக்கு வந்திருக்கும்.”

நல்லையா தமிழிலேயே கேட்டார், “இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்ற? சொல்லாட்டி எனக்குத் தெரியப்போவுதா?”

அத்தை அதை மலாயில் சொன்னார்.

“சொல்லாவிட்டால் அண்ணே தெருவில் எல்லோரையும் வெறுத்துக்கொண்டு இருப்பீர்கள்” என்றார் காமாட்சி. “நான் ஒருத்தி போதும்.”

நல்லையா எழுந்து கொட்டகைக்குள் போனார். மண்வெட்டியை எடுக்கத்தான் போகிறார் என்று அத்தை காமாட்சிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாராம். அவர் அதைத்தான் எடுத்து வந்தார். மிச்சமிருந்த கறுப்புப் பாதியைக் காட்டி, இதைச் சேர்ந்து புரட்டலாம், திருந்தினதும் உன் பிள்ளைகளுக்கு நட்டுக்கொள் என்றார். அத்தை மொழிபெயர்த்ததும் காமாட்சி அழுதுவிட்டார். அத்தையும் அழுதார். இரண்டு வீடும் சேர்ந்து புரட்டி அந்தப் பாதி திருந்துவதற்குள் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான்.

அதற்குப் பிறகும் நல்லையா பல காலம் இருந்தார். திருந்தியது மண்தான். அவர் திருந்தவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தைச் சந்தேகித்தார். என்னைச் சந்தேகித்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் வெளியூர் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியைக் காமாட்சியிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். மருமகன் நான் அடுத்த தெருவிலேயே இருந்தேன், ஒரு நாளும் என்னிடம் கொடுத்ததில்லை. பொறுக்க முடியாமல் ஒரு தடவை கேட்டேவிட்டேன். உங்களைச் சாவின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்ட பெண்ணிடம் சாவி, எனக்கு இல்லையா?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவ செஞ்சத அவளே வந்து சொல்லிட்டா” என்றார். “நீங்கல்லாம் இன்னும் சொல்லலையே.”